லயத்துக்குப் பின்ஜன்னல் வைத்த கதை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் கௌரவம். நாவலை எழுதி முடிப்பதற்கு முன்பே நான் எனக்கு ஒரு பொன்னாடை வாங்கி வைத்துவிட்டேன். பதுளைக் கடைவீதியில் தீபாவளிக்குப் பிறகு மலிவாகக் கிடந்தது. வெளியீட்டு விழாக்களில் போர்த்துகிறவர்கள் எப்போதும் மட்டமான துணியாகத்தான் பார்த்து வாங்குகிறார்கள், நமக்கு நாமே நல்லதாக எடுத்து வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது. நிறம்கூடப் பார்த்துத்தான் எடுத்தேன். என் கறுப்புக்கு மெரூன் படத்தில் எடுப்பாக இருக்கும். அந்தப் பொன்னாடை இன்றைக்கு என் கடையில் போட்டோ கொப்பி மெஷினைத் தூசி படாமல் மூடிக் கிடக்கிறது. போர்த்தியவர் என் மனைவி. விழாவுக்கு வேறு யாரும் வரவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என் கடை. பதுளையில் பாதிப் பேருடைய பிறப்புச் சான்றிதழ் என் கையால் பிரதியாகியிருக்கிறது. அந்த மெஷினை வைத்துக்கொண்டு என் நாவலை ஆறு பிரதி எடுத்தேன். கொழும்பில் ஒரு பதிப்பாளரிடம் ஒன்றைக் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்தார், திறக்கவில்லை. "தொழிலாச் செய்யிற ஒரு எடிட்டர்கிட்டக் காட்டி, அவர் எழுதித் தர்ற மதிப்பீட்டோட வாங்க" என்றார்.

எடிட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? மாப்பிள்ளை பார்ப்பதுபோல மூன்று தகுதி வைத்தேன். நிறைய வாசித்திருக்க வேண்டும், அதிகம் பேசக் கூடாது, என் நாவலைப் பாராட்ட வேண்டும். மூன்றாவதுதான் தகுதி. மற்ற இரண்டும் பார்க்கிறவர்களுக்காக.

முதலில் பேஸ்புக்கில் ஒருவரைப் பிடித்தேன். சென்னையில் இருந்தார். அனுப்பிய நான்காம் நாளே குரல்பதிவு வந்தது. நெஞ்சை அள்ளிவிட்டதாம், குறிப்பாகக் கடல் வருணனைகள். என் நாவல் முழுக்க முழுக்கத் தேயிலைத் தோட்டத்தில் நடக்கிறது. அதில் உள்ள பெரிய நீர்நிலை, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பொதுப் பீலிக் குழாய். வேறு யாரோ எழுதிய நாவலுக்கான பாராட்டு தவறி என்னிடம் வந்திருக்க வேண்டும். வெட்கக்கேடு என்னவென்றால், இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு அத்தியாயத்தில் கடலைச் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்குப் பிறகுதான் இன்னொருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கொழும்பில் அச்சகத்திலும் பதிப்பகங்களிலும் முப்பது வருஷம் இருந்தவர், இப்போது தங்கையோடு பதுளையிலேயே இருக்கிறார், நாவல் பார்த்துக் கொடுக்கிறார் என்றார்கள். "வாயே திறக்க மாட்டாங்க" என்றார் சொன்னவர். வாய் திறக்காதவரை எளிதாகத் திருப்திப்படுத்திவிடலாம் என்று நான் கணக்குப் போட்டேன். என் கணக்குகளில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவைதான்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை. ஒல்லியான பெண்மணி, ஐம்பத்தைந்து அறுபது இருக்கும். கழுத்தில் நூல் கட்டிய பென்சில். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. நாற்காலியின் முதுகில் ஒரு துணிப்பை தொங்கியது. அதில் தையற்காரர்களின் அளவு நாடா, டோர்ச், சமையலறைத் தராசு ஒன்று. மளிகைச் சாமான் வாங்கப் புறப்பட்டவர் என்று நினைத்தேன். எல்லாரும் அவரை "மிஸ்" என்றார்கள். "நான் யாருக்கும் படிச்சுக் குடுத்ததில்ல" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்களும் "சரிங்க மிஸ்" என்போம்.

"எத்தன பக்கம்?" என்றார்.

"முன்னூத்திப் பன்னெண்டு மிஸ்."

"எத்தன எடத்துக்குப் போகணும்?"

"கதையிலயா மிஸ்? ஒரு தோட்டம், ஒரு ஆஸ்பத்திரி, அப்பறம்..."

"கதை எங்க வேணும்னாலும் போகட்டும். நான் எத்தன எடத்துக்குப் போகணும்னு கேட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் என் தாள்களின் கட்டை எடுத்துத் தராசில் வைத்தார். நாவலின் எடை ஒன்றரைக் கிலோ. அதையும் முதல் பக்கத்தில் குறித்துக்கொண்டார். "மூணு மாசம். நடுவுல எனக்குப் போன் எடுக்காதீங்க" என்றார். அவ்வளவுதான்.

படியிறங்கி வந்து விசாரித்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது. அவர் எதையும் வாசித்து மட்டும் நம்ப மாட்டார். போய்ப் பார்ப்பார். சந்தேகம் உள்ள இடத்தில் ஓரமாக "பார்க்கணும்" என்று பென்சிலால் எழுதுவார். போய்ப் பார்த்து வந்த பிறகு, அதை அழித்துவிட்டுப் "பார்த்தாச்சு" என்று எழுதுவார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் கிடையாது. "நன்று", "அருமை" என்ற சொற்களை முப்பது வருஷம் மற்றவர்களுக்குத் திருத்தித் திருத்தியே அவருக்கு அலுத்துப்போயிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் அவரிடம் ஒரு சரித்திரக் காதல் நாவல் கொடுத்திருந்தாராம். துன்ஹிந்த நீர்வீழ்ச்சிக்கு இந்தப் பக்கம் நின்று நாயகன் கூப்பிடுகிறான், அந்தப் பக்கம் நிற்கும் நாயகி கேட்டு நாணுகிறாள். இவர் தங்கையைக் கூட்டிக்கொண்டு துன்ஹிந்தவுக்கே போய்விட்டார். தங்கையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, அவரை வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை மட்டும் அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அதிபருக்குப் போன குறிப்பு: "கேட்கவில்லை. கையைக் காட்டினால் போதும்." அதிபர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் பேசவில்லை. புத்தகமாக வந்தபோது நாயகன் கையைத்தான் காட்டினான்.

இன்னொருவர் துப்பறியும் நாவல் எழுதினார். தெமோதரை நிலையத்தில் ரயில் வளைந்து வந்து நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் அல்லவா, அந்த இடத்தில் கொலைகாரன் நிலையத்தில் குதித்து, மலைச்சரிவில் ஓடி இறங்கி, அதே ரயிலில் மறுபடி ஏறுகிறான். மிஸ் குடையும் கையுமாகத் தெமோதரைக்குப் போனார். ரயில் வந்ததும் சரிவில் இறங்கினார். "மிஸ், நீங்களா ஓடுனீங்க?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "எனக்கு முழங்கால் வலி. நானே புடிச்சிட்டேன். அவனுக்கு இருபத்தஞ்சு வயசு, அவன் எதுக்கு மூச்சு வாங்குறான்?" என்றார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, மற்றவர்களுடைய நாவலாக இருந்தவரை.

என் நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், வெட்கப்படுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஹாலிஎலைப் பக்கம் ஒரு தோட்டம். ஒரு சிறுவன், லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் வளர்கிறவன், தன் கதையைத் தானே சொல்கிறான். அவனுடைய அம்மா பிள்ளை பெற்று எழும்பிய உடம்போடு தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறாள். தோட்டத்தில் இத்தனை கிலோ எடுத்தால்தான் ஒரு நாளுக்கு முழுப் பேர் போடுவார்கள், குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அவளால் முடியவில்லை. கூட எடுக்கிற பெண்கள் பதினொரு பேரும் நிறுவைக்குப் போகும் வழியில் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுகிறார்கள். அவளுக்கு முழுப் பேர் விழுகிறது. பல நாள் இப்படி நடக்கிறது. பிறகு ஒரு நாள், மலையில் நின்று வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளைக்கு யாரோ காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு பேருக்கும் அரைப் பேர். அம்மாவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. சிறுவனின் படிப்பு நிற்கிறது.

பின்னட்டைக் குறிப்பையும் நானே எழுதி வைத்திருந்தேன். "லயத்துக் காம்பராவில் பிறந்து, பசியோடு வளர்ந்து, அந்த வலியையே எழுத்தாக்கியவர்."

மூன்று மாதம் ஆகுமுன்பே அவரிடமிருந்து போன் வந்தது.

"ஒரு பிடி எவ்வளவுன்னு நிறுத்துப் பாத்தீங்களா?"

"இல்லங்க மிஸ்."

"நான் நிறுத்தேன். பசறைப் பக்கம் எங்கம்மா வேலை செஞ்ச தோட்டத்துக்குப் போனேன். ஒரு பிடி பத்தாது. ஆளுக்கு மூணு பிடியாவது போட்டாத்தான் அந்தப் பொம்பளைக்கு முழுப் பேரு கெடைக்கும். மூணு பிடின்னா, மத்தவங்க எடையும் கொறையும். அவங்களுக்கும் அது நட்டம். அத எழுதலியே நீங்க?"

தராசு எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய அம்மாவும் கொழுந்தெடுத்தவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மூன்று பிடியாகத் திருத்தினேன். திருத்தியபோது அந்தப் பதினொரு பெண்களும் எனக்கே கொஞ்சம் பெரியவர்களாகத் தெரிந்தார்கள். இவரைத் தேர்ந்தெடுத்தது என் புத்திசாலித்தனம்தான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பொன்னாடையை உதறி மடித்தாள்.

அடுத்த போன் ஒரு வாரம் கழித்து.

"இருபத்தோராவது அத்தியாயம். காட்டிக்குடுக்கிறது யாரு?"

"ஸ்டோர்காரர் மிஸ். வில்லன்."

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அந்தி நேரம் லயத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிறாரு. பின்ஜன்னல் வழியா அம்மாவும் பையனும் பேசுறதக் கேட்டுர்றாரு. எழுதியிருக்கேனே மிஸ்."

"அது எந்த லயம்?"

"ரெட்டை லயம் மிஸ்."

"ரெட்டை லயத்துல பின்பக்கம் ஏது ஜன்னல்?" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரட்டை லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டியிருக்கும். இந்தப் பக்கத்துக் காம்பராவின் பின்சுவர்தான் அந்தப் பக்கத்துக் காம்பராவின் பின்சுவர். வெளிச்சம் வருவது முன்வாசல் வழியாக மட்டும். இது தோட்டத்தில் நடக்கப் பழகுகிற குழந்தைக்கும் தெரியும்.

எனக்கும் தெரியும். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "எங்க தோட்டத்துல ஒரு லயத்துல மட்டும் இருக்கு மிஸ்" என்றேன்.

"அப்படியா? நாளைக்கு ஞாயிறு. போவோம்."

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வரவில்லை. காலையில் ஹாலிஎலையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் என்னைப் பார்த்ததும் ஒருவன் ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். ராசு. என்னோடு ஐந்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் இருந்தவன். பதுளை தூரம்கூட இல்லை, ஆனாலும் நான் அவனைப் பார்த்து நாலு வருஷம் இருக்கும்.

"வாடா, வாடா. மிஸ், ஏறுங்க. தோட்டத்துல யாரப் பாக்கணும்?"

"ஒரு ஜன்னலப் பாக்கணும்" என்றார் மிஸ்.

ராசு சிரித்தான். அவன் எதற்கும் அப்படித்தான் சிரிப்பான். வழி முழுக்க நான் வானிலை பற்றியும் காய்கறி விலை பற்றியும் பேசிக்கொண்டே வந்தேன். ஆட்டோ கீழே பள்ளத்தில் உள்ள பணிய லயத்துக்கு முன்னால் நின்றது. அங்கேதான் ராசு பிறந்தான், இன்றைக்கும் அதே காம்பராவில்தான் மனைவியோடு இருக்கிறான். சுவரில் அவனுடைய அம்மாவின் படம், அதற்குச் சிவப்பு மின்விளக்கு. இறந்து அப்போதே ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ராசுவின் மனைவி பால் சேராத பிளேன்டீ கொண்டுவந்தாள்.

மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அளவு நாடாவை எடுத்தார். டோர்ச் அடித்துப் பின்சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு குடைக்காம்பால் சுவரை மூன்று தரம் தட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. "யாருங்க அது, செவத்தத் தட்டுறது? புள்ள தூங்குது!"

"ஒண்ணுமில்ல அக்கா, ஜன்னல் தேடுறாங்க" என்று ராசு கத்தினான். பிறகு என்னைப் பார்த்து, "என்னடா, எங்க காம்பராவுல பின்ஜன்னலா?" என்று சிரித்துவிட்டு, மிஸ்ஸிடம் திரும்பினான். "அது ஒண்ணுமில்ல மிஸ். இவரு கணக்கப்பிள்ளை மகன். குவாட்டர்ஸ்ல வளந்தவரு. அங்க நாலு பக்கமும் பெரிய பெரிய ஜன்னல். அந்த நெனப்புல எழுதிட்டாரு போல."

அவன் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அதைச் சொன்னான்.

மிஸ் டோர்ச்சை அணைத்தார். என்னைப் பார்த்தார். தலையில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் பிளேன்டீயைப் பார்த்தேன். லயத்தில் பிறந்து பசியோடு வளர்ந்தவன் என்று எழுதினேனே, எங்கள் வீட்டில் பால் வாங்கினோம். நான் குண்டுப் பிள்ளை. என்னை "பூசணி" என்றுதான் கூப்பிடுவார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். ஹாலிஎலை தாண்டியதும் பைக்குள்ளிருந்து நாவல் கட்டை எடுத்தார். இருபத்தோராம் அத்தியாயத்தைப் பிரித்தார்.

"அந்தப் பதினோரு பொம்பளைங்களும் சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்களும்தான் மாட்டுனாங்க."

"ஆமாங்க மிஸ்."

"அம்மாவும் சொல்லியிருக்க மாட்டா. ஜன்னலும் இல்ல."

"ஆமாங்க."

"அப்ப மிச்சம் யாரு?"

"யோசிச்சு எழுதுறேன் மிஸ்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். பென்சிலால் ஓரத்தில் ஒரு சொல் எழுதிவிட்டு, வெளியே பார்க்கத் தொடங்கினார். பதுளை வரும்வரை திரும்பவில்லை. அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "பார்க்கணும்."

யோசிக்க ஒன்றும் இல்லைதான். நடந்ததை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ராசு அதை என்னிடம் பெருமையாகத்தான் சொன்னான். அவனுடைய அம்மாவுக்கு எல்லாரும் எப்படிக் கொழுந்து போடுகிறார்கள், யாருக்கும் தெரியாமல் இடுப்பை ஒட்டி எப்படிக் கையைக் கொண்டுபோகிறார்கள் என்று பெஞ்சில் இருந்தபடியே நடித்துக் காட்டினான். என் அப்பா சிரிக்காத மனிதர். மலையில் சிரித்தால் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்பார், அதையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார். நான் அவரைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சாயந்தரம் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிரம்புக் கூடையை எடுத்து அம்மாவின் முதுகில் மாட்டி, பதினொரு பெண்களாகவும் நானே மாறி மாறி நடந்து, கொழுந்து போட்டுக் காட்டினேன். ஒருத்தி நொண்டுவாள், ஒருத்தி வெற்றிலை மென்றுகொண்டே போடுவாள், ஒருத்தி போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாள். எல்லாம் அச்சாக வந்தது.

அப்பா சிரித்தார். தேத்தண்ணி புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். என் வாழ்க்கையில் முழுதாக வெற்றிபெற்ற முதல் நகைச்சுவை அதுதான்.

மறுநாள் மத்தியானம் நிறுவைக்குப் போகிற வழியில், தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் அவர் நின்றிருந்தார். மற்றதுதான் உங்களுக்குத் தெரியுமே. அந்த வருஷத்தோடு ராசு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அனுப்பினார்கள். நான் படிக்கப் பதுளைக்கு வந்தேன். விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போனால், ராசுவின் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரொட்டியைப் பிய்த்துச் சம்பலோடு கொடுப்பார். பெரிய பாதி எனக்கு வரும். நான் தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவும் தெரிந்த மனிதன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்ததைக் கேளுங்கள். ஜன்னலை எடுத்துவிட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு வைத்தேன். மிஸ் அதை அடித்துவிட்டு, "அந்தப் பக்கத்துக் காம்பராவில் ஆள் இருக்கிறது" என்று எழுதினார். கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை வைத்து ஸ்டோர்காரரைக் கூரைமேல் ஏற்றினேன். "அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆறாம் அத்தியாயத்தில் வாதம் என்றீர்கள்" என்று வந்தது. கடைசியில் அந்தப் பக்கத்துக் காம்பராக்காரியையே காட்டிக்கொடுப்பவளாக ஆக்கினேன். அதற்கு அவர் குறிப்பு எதுவும் எழுதவில்லை. போன் எடுத்தார்.

"அன்னைக்குச் செவத்தத் தட்டுனதும் கேட்டாங்களே, புள்ள தூங்குதுன்னு. காட்டிக்குடுத்ததா நீங்க எழுதுனது அவங்க மாமியாரையா? அவங்க என்ன செஞ்சாங்க உங்களுக்கு?"

"இல்லங்க மிஸ், சும்மா கற்பனையா..."

"உங்க கற்பனைக்கு ஆள் கெடைக்கலன்னா ஏன் ஒவ்வொருத்தராப் புடிக்கிறீங்க?"

வைத்துவிட்டார். என் கடையில் ஒருவர் அடையாள அட்டை பிரதி எடுக்க நின்றிருந்தார். அவருக்கு நான் மூன்று பிரதிக்குப் பதில் முப்பது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அந்த மாதம் இருபத்தோராம் அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். கதை சொல்பவன் கணக்கப்பிள்ளையின் மகன். பூசணி. பிரம்புக் கூடை. அப்பா சிரிப்பது. ரொட்டியின் பெரிய பாதி. பின்னட்டைக் குறிப்பைக் கிழித்தேன். கடைசியில் ஒரு பந்தியில், ராசுவின் அம்மா இதைத் தெரியாமலே போய்ச் சேர்ந்தார், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல் என்று எழுதி முடித்தேன்.

மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒருநாளும் எழுதியவருக்கு முன்னால் வாசித்ததில்லை. அன்றைக்கு வாசித்தார். நான் நாற்காலியின் நுனியில் இருந்தேன். அவர் பென்சிலைத் தொடவில்லை. முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினார்.

"பார்த்தாச்சு போடுவீங்களா மிஸ்?"

"இல்ல. பாக்கணும்."

"இன்னும் எங்க மிஸ் போய்ப் பாக்கணும்?"

"நான் எங்கயும் போக முடியாது. என்னால செவத்தத்தான் தட்டிப் பாக்க முடியும்." கடைசிப் பந்தியில் விரலை வைத்தார். "அவங்களுக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அவருடைய விரலையே பார்த்தேன்.

"மதிப்பீடு யார்ட்ட வாங்கணும்னு நீங்க மொதல்லயே தப்பாத் தேர்ந்தெடுத்துட்டீங்க. ஆட்டோ ஓட்டுறாரே, அவர்கிட்டக் குடுங்க. அவர் பாத்தப்பறம் வாங்க. நான் எழுதித் தாறேன்."

"அவன் வாசிச்சு... அவனுக்கு என்ன மிஸ், அஞ்சாம் வகுப்புதானே..."

சொல்லி முடிக்குமுன்பே எனக்குக் கேட்டுவிட்டது, நான் என்ன சொன்னேன் என்று. அவருக்கும் கேட்டிருக்கும். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மேசையில் வைத்தார். அந்த முகத்தை அதற்குமுன் நான் கண்ணாடி இல்லாமல் பார்த்ததில்லை.

"அதையும் அந்த அத்தியாயத்துல எழுதுங்க" என்றார்.

எழுதினேன். ஆனால் ராசுவிடம் கொண்டுபோகவில்லை. மழை, கடையில் வேலை, மகளுக்குப் பரீட்சை என்று காரணங்கள் வரிசையில் நின்றன. மிஸ் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் என் கடைக்கு வந்து ஒரு உறையைக் கொடுத்தார். மிஸ்ஸின் தங்கை மகனுக்கு மட்டக்களப்பில் வேலையாம், மூவரும் அங்கே போய்விட்டார்களாம், மிஸ்ஸுக்குக் கண் முன்னைப்போல இல்லையாம், இனி யாருடைய நாவலும் பார்ப்பதில்லையாம். உறைக்குள் மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. அத்தியாயங்களின் எண்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே "பார்த்தாச்சு". இருபத்தொன்றுக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தை என் கையாலேயே நிரப்பிவிட்டுக் கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம். பென்சில்கூட எடுத்தேன். அவர் கையெழுத்தைப் போல எழுத ஒரு பழைய தாளில் இரண்டு தரம் பழகியும் பார்த்தேன். போட்டோ கொப்பிக்காரனுக்கு இதெல்லாம் பெரிய வேலையா? பிறகு, அவர் மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்து பார்ப்பார் என்ற பயத்தில் பென்சிலை வைத்துவிட்டேன். மனச்சாட்சி என்று சொன்னால் அழகாக இருக்கும். பயம்தான்.

போன வருஷம் நாவல் கட்டைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஹாலிஎலைக்குப் போனேன். ராசு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இது நம்ம கதைடா. வாசிச்சுட்டுச் சொல்லு" என்றேன். "முன்னூறு பக்கமா? ஹயர் இல்லாத நேரம் பாக்குறேன்" என்றான்.

ஐந்து மாதம் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் அவனுக்குப் போன் எடுக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம் ஆட்டோ என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. ராசு இறங்கவில்லை. பையை நீட்டினான். தாள்களின் ஓரங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்து, இருபத்தோராம் அத்தியாயத்தில் மூலை மடிந்திருந்தது. அவன் சிரிக்கவில்லை. ராசு சிரிக்காமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"வாசிச்சியாடா?"

தலையை ஆட்டினான்.

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் வழக்கமாகச் சிரிக்க ஒரு பகிடி விடுவேன். அன்றைக்கு அதுவும் வரவில்லை. "மன்னிச்சுக்கடா. நான்தான்டா அன்னைக்குச் சொன்னேன்" என்றேன். அவன் ஆட்டோவின் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துகொண்டிருந்தான். "அம்மாவுக்காவது இது தெரியாமப் போச்சே, அந்த மட்டுக்கும்..." என்று தொடங்கினேன்.

ராசு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

"அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும்."